பாதி மார்க்

ஆறாம் வகுப்பில் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு கொடுத்திருந்தார்கள். திரையில் இரண்டு பையன்கள். ஒருவனுடைய பட்டத்தை மற்றவன் கிழித்துவிடுவான். கீழே வரும் பதில்களில் இருவருக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்து அவர்களைச் சமாதானப்படுத்தினால் மார்க். சண்டையைத் தீர்க்கக் கற்றுக்கொடுக்கிறதாம். நானும் சித்தப்பா மகளும் ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கத்துகிற பதிலையே திரும்பத் திரும்ப அழுத்தி, அந்தப் பையன்கள் கட்டிப் புரள்வதைப் பார்த்துச் சிரிப்போம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

வீட்டில்தான் சிரிக்க முடியவில்லை. தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அப்பா அடித்து ஒட்டிய அஞ்சலி போஸ்டரில் சித்தப்பாவின் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அப்பா. தெருவே நின்று படித்த போஸ்டர் அது; சித்தப்பா நம்பவில்லை. கீழ் வீட்டு அப்பாவும் மாடி வீட்டுச் சித்தப்பாவும் எட்டு மாதமாகப் பேசவில்லை. சித்தப்பா அரியாங்குப்பத்தில் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே அழுகை வரும்.

பெற்றோர் வந்து அந்த விளையாட்டை ஆடும் நாள் வந்தது. ஜோடிக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் வீட்டில் மூச்சு விடவில்லை. வந்து மாட்டிக்கொண்ட அப்பாவும் சித்தப்பாவும் டீச்சருக்கு முன்னால் எழுந்து போக முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பட்டத்தைக் கிழித்த பையன் அப்பாவுக்கு வந்தான். 'காற்றில் கிழிந்தது', 'தெரியாமல் நடந்துவிட்டது', 'தெரிந்துதான் செய்தேன், மன்னித்துவிடு' என்று மூன்று பதில்கள். அப்பா வெகுநேரம் மவுஸைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மூன்றாவதை அழுத்தினார். முழு மார்க்! நாங்கள் குதித்தோம்.

அடுத்தது சித்தப்பா. அவர் திரையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்தார். பிறகு, 'எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்' என்ற பதிலை அழுத்தினார்.

"ஐயோ அப்பா, அது தப்பு! மார்க்கு போயிடும்!" என்று கத்தினாள் அவர் மகள்.

"போவட்டும்மா," என்றார் சித்தப்பா.

பாதி மார்க்தான் கிடைத்தது. அடுத்த மாதம் அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் ஒழுங்காக அழுத்தியிருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள் என்று நான் வெகுநாள் கறுவிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.