கடற்காற்றுக்குச் சாத்திய கதவு

வேலையைத் தொடங்கும் முன் தெய்வசிகாமணி கடை வாசலில் வந்து நின்று, நாக்கு நுனியால் மேலுதட்டை ஒருமுறை தடவிப் பார்ப்பார். உதடு கரித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கரிக்காவிட்டால் கதவு திறந்தே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து பதினேழு வருஷமாக மலர்கொடி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மரக்காணத்தில் உதடு கரிக்காத நாள் எத்தனை வந்துவிடும்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் சில காலைகள் தப்பும், அவ்வளவுதான்.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சொந்த ஊர் பிரம்மதேசம். சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய் ஒன்பது வருஷம் தொழில் கற்றுக்கொண்டு, மரக்காணத்தில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி உட்கார்ந்தவர். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. வந்த வருஷமே அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்பிடி அடைக்கிறீங்க? உள்ள வேகுதே" என்று புதுப்பெண்ணாக இருந்தபோது அவள் கேட்டாள்.

"குழா தெறந்து கெடக்குற நேரத்துல இந்தக் காத்து ஒரு மூச்சு உள்ள போச்சுன்னா, கம்ப்ரசர் ஒரே வருசத்துல செத்துடும் மே. எனக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அதுக்கு வேர்த்தா அவ்ளோதான்."

அந்தப் பிடிவாதம் வீண் போகவில்லை. அவர் கை வைத்த பெட்டி திரும்பி வராது என்று கடற்கரைச் சாலையில் பேர் வாங்கியிருந்தார். கதவிடுக்கில்கூடச் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் குழாயை வெட்டுவார்.

மலர்கொடி உப்பு வாரும் குடும்பத்துப் பெண். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய் அளத்தில் இறங்கியவள். புது ஆள் யாராவது கடைக்கு வந்து ஏதாவது கேட்டால் வாயால் பதில் சொல்லமாட்டாள், கையைக் காட்டுவாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. துவைக்கப் போட்ட சட்டையை மோந்தே அன்றைக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துகொள்வாள். கரிந்த வாடை என்றால் பற்றவைப்பு. மிட்டாய் டப்பாவைத் திறந்தாற்போல ஒரு தித்திப்பு வாடை என்றால் சி.டி.சி.

சி.டி.சி. என்பது கார்பன் டெட்ராகுளோரைடு, தண்ணீர் மாதிரி தெளிந்த ஒரு திரவம். டின்னில் வரும். குழாய்க்குள் ஈரமும் எண்ணெயும் கலந்து பிசுக்காகிவிட்டால், அதை ஊற்றி மறுமுனையில் ஊதித் தள்ளுவார். கறுப்பாக வெளியே வரும், குழாய் பளிச்சென்று ஆகிவிடும். கைப்பிசுக்கையும் அதிலேயே கழுவிக்கொள்வார். ஒருமுறை அவளுடைய கூறைப்புடவையில் பட்ட எண்ணெய்க் கறையைக்கூட அதை வைத்துத்தான் எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒரு நல்ல பொருள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

சுனாமி வந்துபோன மூன்றாம் மாதத்திலிருந்து கடையில் கால் வைக்க இடமில்லை. குப்பங்களின் பெட்டிக்கடைகளிலிருந்தும், சாலையோரக் கூல்டிரிங்ஸ் கடைகளிலிருந்தும், மீன் வியாபாரிகளிடமிருந்தும் பெட்டிகள் வந்து குவிந்தன. வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உப்புத்தண்ணீர் குடித்த குழாய்களில் ஊசி நுழைகிற அளவுக்குப் பொத்தல்கள். எல்லாவற்றையும் அறுத்து, கழுவி, புதுக்குழாய் போட்டு, கேஸ் ஏற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் சி.டி.சி. வேண்டும்.

அந்த வருஷம் ஆடி மாதம் விழுப்புரத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. திண்டிவனத்தில் கடை வைத்திருக்கும் அந்தோணிசாமி வந்து இவரையும் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் இரண்டு பேருக்கும் மலர்கொடி டீ போட்டுக் கொடுத்தாள்.

"வானத்துல ஓட்டையாம் அண்ணி" என்றார் அந்தோணிசாமி. "யாரு போட்டதுன்னு நெனைக்கிறீங்க? உங்க வூட்டுக்காரரும் நானும் சேந்து போட்டதாம். நாம தெறந்து வுடுற கேஸு மேல போயி ஓசோன அரிச்சிடுதாம். சட்டத்தக் காட்டிப் பேசுறான் அந்த வாத்தியாரு."

"நீ போட்டிருப்ப. என் கைல ஓட்டை வுழாது" என்றார் தெய்வசிகாமணி. அவர் முகத்தில் சிரிப்பில்லை. "விசயம் அது இல்லப்பா. ஒவ்வொரு நாடும் இந்தச் சாமான எவ்ளோ செலவு பண்ணுதுன்னு கணக்கு குடுத்தாவணுமாம். சி.டி.சி.ய நூத்துல எம்பத்தஞ்சு பங்கு கொறைக்கச் சொல்லிட்டாங்களாம். அப்பறம் மொத்தமா நிறுத்தம். நெட்ரஜன் வெச்சு ஊதிக்கோன்றான். நெட்ரஜன் சிலிண்டர நான் எங்கருந்து கொண்டாறது? உள்ள இருக்குற பெட்டிங்கள எவன் முடிக்கிறது?"

"அத மோந்தா ஈரல் போயிடும்னுந்தான் சொன்னான். சாத்தின ரூம்ல தொடவே தொடாதன்னான். நீ அத எங்க கேட்ட? சோறு எப்ப போடுவான்னு பாத்துக்கினு இருந்த."

"இருபத்தாறு வருசமா மோந்துகினுதான் இருக்கறேன். போறதா இருந்தா எப்பவோ போயிருக்கும்."

வகுப்பில் சொன்ன அத்தனையிலும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சாமான் இனிமேல் கிடைக்காது. அடுத்த வாரமே புதுச்சேரிக்குப் போய் எட்டு டின் வாங்கி, கோணிக்குள் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். அடுப்பங்கரையில் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினார்.

"எவனாவது கேட்டா பெயிண்ட் தின்னருன்னு சொல்லு. சட்டம் போட்டுட்டானுங்க. வெச்சிருக்கறது தெரிஞ்சா கேஸ் போட்டு கடைய சீல் வெச்சிடுவானுங்க."

அப்படி ஒரு கேஸ் உண்டா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அதற்கு அப்புறம் மலர்கொடி ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தாள். வயர் வேலை, கதவு ரப்பர் மாற்றும் வேலை என்றால் அவர் இரண்டு தட்டு சாப்பிடுவார். டின்னைத் திறந்த நாளில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவார். பத்து நாள் பார்த்த பிறகு சொல்லிவிட்டாள்.

"ஏங்க, அந்த டின்னத் தொட்ட அன்னிக்கு நீங்க சோறு துன்றதில்ல."

"உன் கொழம்புக்கு டின்னு மேல பழியப் போடாத மே" என்றார்.

தீபாவளிக்கு முன்பு விடாத மழை பிடித்துக்கொண்டது. அளமெல்லாம் ஏரியாகிவிட்டது. அனுமந்தையில் இறால் வாங்கி அனுப்பும் ராஜாங்கம், தன்னுடைய பெரிய ஃப்ரீசர்கள் மூன்றையும் பண்டிகைக்குள் முடித்துத் தரவேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். உதட்டை நக்கிப் பார்க்கிற வேலையே அப்போது இல்லை, சுவரே ஈரம் கக்கிக்கொண்டிருந்தது. ஞாயிறும் திங்களும் தெய்வசிகாமணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். இரண்டு டின் காலியானது. சோறு கொடுக்க மலர்கொடி கதவைத் திறந்தபோது அந்தத் தித்திப்பு வாடை முகத்தில் அறைந்து அவளுக்கே தலை சுற்றியது.

"சாத்து, சாத்து" என்று உள்ளிருந்து கத்தினார்.

திங்கள் சாயங்காலம் மூன்று ஃப்ரீசர்களும் ஓடின. ராஜாங்கம் சந்தோஷத்தில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை குடிக்கிறவர்தான் தெய்வசிகாமணி. அன்றைக்கும் குடித்தார்.

தீபாவளியன்று காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தலை பிளக்கிறது என்றார், குடம் குடமாக வாந்தி. "நேத்து ராஜாங்கம் சரக்கு ஜோரு போல" என்று பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பத்தாவது படிக்கும் மகள் வைஜெயந்தி மத்தாப்பைக்கூடப் பிரிக்காமல் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது. முந்தின நாள் காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கப் போகவே இல்லை என்பதை மலர்கொடி மட்டும் கவனித்திருந்தாள்.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை.

"டின்னு விசயத்த அங்க தொறக்காத. எழுதிக்கினு ஆபீசருக்கு அனுப்பிடுவானுங்க. கடை போச்சுன்னா நீயும் பொண்ணும் மறுபடி உப்புதான் வாரணும்."

வார்டில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயது, பொறுமையாகத்தான் கேட்டார். "குடிப்பாரா?"

"குடிப்பேன் மேடம்" என்று அவரே சொன்னார். "டெய்லி."

மலர்கொடி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாட்டு மருந்து, பூச்சி மருந்து, கெமிக்கல், இப்படி ஏதாவது உடம்புக்குள்ள போச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஏதாவது உண்டா?"

முன்பின் தெரியாத ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டால் மலர்கொடிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கட்டிலில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவர் வயிறு வீங்கிப் படுத்திருந்தார். அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்கு வாய் ஓயாது.

"உங்காளு எத்தினி வருசமா குடிக்கிறாரு?"

"வாரத்துல ஒரு நாளு."

"ஐய, என்னாண்டயே மறைக்கிறியா? வாரத்துல ஒரு நாளு குடிச்சவனா இங்க படுப்பான்? என்னுது இருபது வருசமா குடிக்குது. அதுவே ஒண்ணுக்குப் போவுது பாரு."

கொளஞ்சியம்மாள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மலர்கொடி இரண்டு கட்டில்களுக்கும் அடியில் தொங்கும் சிறுநீர்ப் பைகளைப் பார்த்தாள். இருபது வருஷம் குடித்தவரின் பை பாதி நிறைந்திருந்தது. இவருடைய பையில் அடியில் தேநீர் நிறத்தில் ஒரு கரண்டி. அன்றும் பார்த்தாள், மறுநாள் காலையிலும் பார்த்தாள். அந்தக் கரண்டி கூடவில்லை. அவர் முகம் உப்பிக்கொண்டு வந்தது. குடித்து இப்படி ஆகவில்லை என்பது அவளுக்கு உறுதியாயிற்று. உறுதியான பிறகும் ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் ஆள் போவார். இதில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரிடம், எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் டாக்டர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலேயே போய் வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துவிட்டாள்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்."

சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்துவிட்டது. டின், சாத்திய கதவு, இரண்டு நாள், கடைசியில் குடித்தது. சி.டி.சி. என்றால் டாக்டருக்குப் புரியவில்லை. டின்னைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மலர்கொடி பஸ் பிடித்து மரக்காணம் வந்து, காலி டின் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் திரும்பினாள். அவள் போய்ச்சேர்ந்தபோது மணி நாலு. டாக்டர் லேபிளைப் படித்தார், இன்னொரு பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எத்தன மணி நேரம் உள்ள இருந்தாரு?"

"ரெண்டு நாளும் காலைலேர்ந்து பொழுது எறங்குற வரைக்கும்."

"ஜன்னல் திறந்திருந்ததா?"

"ஜன்னலே இல்லீங்க. அடைச்சிட்டாரு."

டாக்டர்கள் தங்களுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார்கள். இந்த விஷத்துக்கு முதல் நாளே கொடுக்கவேண்டிய மருந்து ஒன்று இருக்கிறதாம். கொடுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். சாராயமும் கூடச் சேர்ந்ததால் அது பல மடங்காகிவிட்டது என்றார்கள். அன்றைக்கே மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கொஞ்சம் தெளிந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம், "மீதி டின்ன இடம் மாத்தி வெய்யி. ஆபீசரு வந்தா அடுப்பங்கரைலதான் மொதல்ல பாப்பான்" என்றார். அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் இறந்துபோனார். நாற்பத்திரண்டு வயது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் விஷத்தின் பெயரைச் சரியாகத்தான் எழுதினார்கள். அந்தக் காகிதத்தை ஊரில் யார் படித்தார்கள்? தீபாவளிக்குக் குடித்துச் செத்தார் என்றுதான் இன்றும் பேசுகிறார்கள். ராஜாங்கம் துக்கத்துக்கு வந்தவர், "நான் ஊத்திக் குடுத்திருக்கக் கூடாதும்மா" என்று அழுதார். இல்லையென்று அவரிடமும் மலர்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மாசியில் அந்தோணிசாமி வந்து மீதி டின்களை விலைக்குக் கேட்டார். கடைகளில் இப்போது கிடைப்பதில்லையாம்.

"தரமாட்டேண்ணா. அதுதான் அவர எடுத்துகினு போச்சு."

"நான் கதவத் தெறந்து வெச்சித்தான் செய்யறேன் அண்ணி. அவரு மாதிரி அடைச்சிக்கினு செய்யறதில்ல."

"தெறந்து வெச்சாலும் வேணாண்ணா."

முகம் சுண்டிப் போனார். பிறகு வேறு எங்கோ வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டாள்.

பயிற்சி வகுப்பின் சான்றிதழில் இருந்த எண்ணுக்கு வைஜெயந்தியைப் போன் பண்ணச் சொன்னாள். இந்த டின்களை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டதற்கு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். தரையில் கொட்டினால் கிணற்றுத் தண்ணீருக்கு இறங்கும், ஆவியானால் மேலே போகும் என்பதை மட்டும் சொல்லி வைத்தார்கள்.

இப்போது 2006 ஆடி. மலர்கொடி மறுபடி அளத்தில் உப்பு வாருகிறாள். கடை பூட்டிக் கிடக்கிறது. அடுப்பங்கரையிலிருந்து மாற்றிய ஐந்து டின்கள் உள்ளே திறக்கப்படாமல் இருக்கின்றன. சீல் வைக்கவோ, கேஸ் போடவோ, டின்களை வாங்கிக்கொண்டு போகவோ எந்த ஆபீசரும் இதுவரை வரவில்லை.