அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டவள்

தையல் கூடத்தில் அவள் பெயர் ஊசியக்கா. குத்திப் பேசுவாள் என்பதால் அல்ல, எந்நேரமும் ஊசியும் கையுமாக இருப்பதால். பதினாறு வருஷம் வாயே திறக்காமல் ஓட்டியவள். அவளை ஆட்டிவைத்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை: அட்ஜஸ்ட்.

தையல்காரிக்கு அது சட்டையில் இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, அவ்வளவுதான். பஸ்ஸில் அதற்கு அர்த்தம், அரை சீட்டில் தொங்கு. மாமியார் சொன்னால், வாயை மூடு. முதலாளி சொன்னால், தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு கிடையாது. சொல்கிறவர் மட்டும் ஒரு அங்குலம்கூட நகர மாட்டார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வெட்டு மேசை உனக்குத்தான் என்று முதலாளி ஆறு வருஷம் ஆசை காட்டினார். அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த பழைய மாஸ்டர் விலகியதும் தன் மச்சினனைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்.

"சொந்தக்காரப் பையன்மா. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

சரி என்று தலையாட்டினாள். உள்ளே அடுப்பு எரிந்தது.

சட்டைக்கான அளவு அட்டைகளெல்லாம் அவள் வெட்டியவை. தையலுக்குள் போகும் துணியை அவள் அட்டையில் சேர்ப்பதில்லை. துணிமேல் வைத்து, சுற்றிலும் ஒரு விரல் தள்ளிச் சாக்பீஸ் கோடு போடுவாள். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. மச்சினன் யாரையும் கேட்கவில்லை. ஹோட்டல் சிப்பந்திகளுக்கான எண்பது சட்டைகளையும் அட்டையை ஒட்டியே வெட்டித் தள்ளினான். அவள் தன் மெஷினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு விடவில்லை.

தைத்து முடித்தபின் ஒரு சட்டையும் எவன் உடம்பிலும் ஏறவில்லை. முதலாளி வேர்த்து விறுவிறுத்து அவளிடம் ஓடிவந்தார். மேசையை இன்றைக்கே எடுத்துக்கொள், எப்படியாவது மானத்தைக் காப்பாற்று என்றார்.

"எடுத்துக்கிறேன். அவர் வெட்டினதை அவரே பிரிக்கட்டும், தையல் ஒண்ணு விடாம."

மூன்று நாள் மச்சினன் குனிந்த தலை நிமிராமல் காலர், கை, பை என்று பிரித்தான். விரலெல்லாம் புண். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். எண்பதாவது சட்டையும் துண்டு துண்டானதும் ஊசியக்கா அவன் எதிரே வந்து நின்றாள்.

"பக்கத் தையலை மட்டும் பிரிச்சு ஒரு பட்டி வெச்சிருந்தா போதும் தம்பி. எல்லாரும் உக்காந்தா அரை நாள் வேலை."

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முனகினார்.

"நீங்க கேக்கலையே" என்றாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அவள் மனசு குளிர்ந்தது.