ஒருத்தரை அனுப்ப ஒரு வேன் ஆக்கள்

எஞ்சின் சூடானா தண்ணி ஊத்தி ஆத்தலாம். ஏறியிருக்கிற ஆக்கள் சூடானா என்னத்தை ஊத்துறது எண்டு எந்தக் கராஜிலயும் சொல்லித்தர மாட்டாங்க. புத்தளத்திலயிருந்து கட்டுநாயக்கவுக்கு எயார்போட் ஹயர் ஓடுற என்னைப்போல பாவப்பட்ட டிரைவர்மாரே, வெளிநாடு போறவரால நமக்கு ஒரு கரைச்சலும் இல்ல. அவரை வழியனுப்ப வாறவங்களாலதான் உசிர் போறது. ரிஸ்வானை ஏத்தப்போன அண்டைக்குப் போன உசிர் எனக்கு இன்னும் பாதிதான் திரும்பி வந்திருக்கு.

ஏழு கிலோ

ரிஸ்வானுக்குக் கட்டார்ல வேலை. அண்டைக்கே போய் இறங்காட்டி விசா முடிஞ்சிடும், வேலையும் போயிடும். மலிவு டிக்கட் எண்டபடியா கைப்பேக் ஏழு கிலோதான், அதுக்கு மேல ஒரு நூலும் ஏலாது.

வாசல்ல வேனை நிப்பாட்டிட்டு உள்ள எட்டிப் பார்த்தேன். அல்லாஹ்வே! மத்தியான வெயில்ல மனிசன் மூணு சேர்ட், ரெண்டு கால்சட்டை, அதுக்கு மேல ஜாக்கெட்டும் போட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிக்கிறார். பாஸ்போர்ட்டும் டிக்கட்டும் உள் கால்சட்டைப் பொக்கெட்டில, வெளிப் பொக்கெட்டில கருவாட்டுப் பார்சல். இப்படி உடுத்திவிட்டது அவர்ட மாமியார், ஹாஜரா மாமி. "என்ன மாமி இந்த அநியாயம்?" எண்டு கேட்டேன்.

"பேக்கைத்தான் தம்பி நிறுப்பானுகள், ஆளை நிறுக்க மாட்டானுகள்!"

மண்ணெண்ணெய்

முன் சீட்டில மாமிட மகன் ஃபளீல். சொந்தமா ஒரு சைக்கிளும் இல்ல, ஆனா அவருக்குத் தெரியாத எஞ்சின் உலகத்துல இல்ல. என்ட வேன் பாலாவி தாண்ட முந்தியே இன்ஜெக்டர் சரியில்ல எண்டார். மதுரங்குளியில வச்சு, பிளேன் ஓடுறது ஒருவகை மண்ணெண்ணெயில எண்டு ஒரு போடு போட்டார்.

கண்ணாடியில பார்த்தா மாமிட மூஞ்சி வெளிறிப் போய்க் கிடக்கு. "குசினியில அடுப்புக்கு ஊத்துறதா?" எண்டா. "அதேதான் உம்மா, நல்லாச் சுத்தப்படுத்தினது" எண்டார் மகன். இத்தனை வருஷம் எயார்போட் ஓடியும் எனக்கு அது தெரியாது. மாமி எத்தாளையில பொறந்த மனிசி, மீன்பிடிக் குடும்பம். விடுவாவா?

"என்ட கூடப்பொறந்த நானாட மீன்பிடி போட்டும் மண்ணெண்ணெயிலதான் ஓடுது, கடல்ல நிண்டா துடுப்பு வலிச்சுக் கரைக்கு வரலாம், வானத்துல நிண்டா என்ட மருமகன் என்னத்தை வலிக்கிற?"

சிலாபம் பள்ளி

இந்தச் சண்டையோடயே சிலாபத்துல அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல்ல நிப்பாட்டினோம். ரிஸ்வான் ஜாக்கெட்டைக் கழட்டி சீட்டில பேக்குக்கு மேல போட்டுட்டு இறங்கினார். பொண்டாட்டி நஸ்லா கடைசிச் சீட்டில அழுதழுது கண்ணயர்ந்துட்டா. மத்த ஆம்பிளைகள் தொழுதுட்டு மண்ணெண்ணெய்க் கதையோடயே வந்து ஏறினாங்க. ரிஸ்வான் அப்பதான் மூணு சேர்ட்டுட கையையும் சுருட்டி, ரெண்டு கால்சட்டையையும் மடிச்சு, தொழ முந்திக் கைகால் கழுவி வுழு எடுத்து முடிச்சிருக்கார். அது எங்களுக்குத் தெரியாது. "எல்லாரும் ஏறியாச்சா?" எண்டு கேட்டேன். "ஓம் ஓம், எடுங்க" எண்டார் ஃபளீல்.

மாரவிலயில ஃபளீல் பின்னால திரும்பி, "மச்சான், நீங்களே சொல்லுங்க" எண்டார். மச்சான் பேசல்ல. பேக்கும் ஜாக்கெட்டும்தான் ஆள் மாதிரி இருக்கு! அவருக்குப் போன் எடுத்தா, அது ஜாக்கெட்டுக்குள்ள அடிக்குது. நஸ்லா முழிச்சுப் போட்ட கூச்சல்ல ஸ்டேரிங் கைவிட்டுப் போகப் பார்த்திச்சு. வேனைத் திருப்பிப் பறந்துபோய்ப் பள்ளி வாசல்ல நிண்டா, பாங்கு சொல்ற மோதினார் எங்களையே பேயைப் பார்த்த மாதிரிப் பார்க்கிறார்.

"அவரா? ஒங்கட வேனைப் புடிக்க ஓட்டோவில போயிட்டாரே, ரோட்டில ஒங்களுக்கு எதிரால வந்திருப்பாரே!"

கை காட்டினவர்

திரும்பவும் மிதிச்சேன். வென்னப்புவயில எஞ்சின் ஹீட்டாகி ஆவி கிளம்பிட்டு. ஆறாம மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும், ரோட்டோரமாக் காத்து நிண்டோம். ஃபளீல் எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல்ல. நஸ்லா ஜாக்கெட்டை மடியில வச்சுக்கொண்டு, "அவர்ட மூஞ்சியை ஒருக்காப் பார்த்தாப் போதும் நானா" எண்டா. ஆறினதும் தண்ணி ஊத்தி வேனைத் திரும்பவும் எடுத்தேன்.

எயார்போட் வாசல்ல வயசான சிங்கள ஓட்டோக்காரர் ஒருத்தர் எங்களைத் தேடிக்கொண்டு நிண்டார். ரிஸ்வானைக் கொண்டுவந்து விட்ட சிலாபத்து ஆள், தமிழ் நல்லா வரும். ரிஸ்வான் கடைசி ஆளா உள்ள போயிட்டார், பிளேனும் கிடைச்சிட்டு எண்டார். "பார்த்தீங்களா, பேக் இல்லாட்டியும் புள்ளைக்கு மாத்த உடுப்பு இருக்கு!" எண்டா மாமி. நஸ்லா மட்டும் வாசலைப் பார்த்தபடியே நிண்டு, வாய்விட்டு அழுதிட்டா. வேன் நிறைய வழியனுப்ப வந்து, ஒருத்தர் கண்ணுலயும் அவர் படல்ல. ஓட்டோக்காரர் கிட்ட வந்து, சொந்தத் தங்கச்சியைக் கூப்பிடுற மாதிரிச் சிங்களத்துல கூப்பிட்டார்.

"அழ வேணாம் நங்கி, ஒங்க எல்லாருக்கும் சேர்த்து, அவர் மறையிற வரைக்கும் நான் கை காட்டினேன்."

அண்டையிலயிருந்து வேனை எடுக்க முந்தி "எல்லாரும் ஏறியாச்சா" எண்டு நான் கேக்கிறதே இல்ல, "போறவர் ஏறியாச்சா" எண்டு மட்டும்தான்.