வலது கையைச் சும்மா ஆட்டிய மதியம்

பக்கவாதம் வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் கால் ஓரளவு தேறியது. வலது கை தேறவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ரோபோ வைத்துக் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய்வந்தேன். கையை அதில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். திரையில் தெரியும் புள்ளியை நோக்கி நான் கையை நகர்த்த வேண்டும். தளர்ந்த இடத்தில் அது தள்ளிக் கொடுக்கும். இரண்டு மாதத்தில் அதன் உதவி இல்லாமலே புள்ளியைத் தொட்டேன். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். பிறகு, முகப்பில்லாத கடிகாரம் மாதிரி இரண்டு கருவிகளை என் இரண்டு மணிக்கட்டிலும் கட்டிவிட்டார். வீட்டில் எந்தக் கை எவ்வளவு அசைகிறது என்பதை அவை பதிந்துகொள்ளுமாம். மூன்று நாள் கட்டியிருக்க வேண்டும், குளிக்கும்போது தவிரக் கழற்றக் கூடாது.

ஆனால் வீட்டில் வலது கை மடியில்தான் கிடந்தது. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். இது தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், அச்சகத்தில் என் மெஷினுக்கு வைத்த மாற்று ஆளே நிரந்தரமாகிவிடுவான் என்று பயந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினேன். வேர்த்துக் கொட்டியும் நிறுத்தவில்லை. என் மனைவி நாரணாபுரத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவள். அன்று இடி மின்னல் என்று கம்பெனியில் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாளோ.

"யார ஏமாத்துறீக?" என்றாள்.

"பயிற்சிய நிறுத்திட்டாகன்னா என்ன செய்ய?"

"பொய்யக் கொண்டுபோய்க் காட்டுனா அவுக எதுக்கு வைத்தியம் பாப்பாக?"

கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவளும் லீவு போட்டுக் கூடவே வந்தாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகள் ஓடின. இடது கைக்கு நாள் முழுக்க ஏற்ற இறக்கம். வலது கைக்கு வெறும் தரை. இரண்டாம் நாள் மதியம் மட்டும் அடர்ந்த மேடு.

"இந்த நேரத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா ஆட்டுனேம்மா. வேல ஒண்ணும் செய்யல."

அவர் திட்டவில்லை. இங்கே நன்றாக அசைகிற கை வீட்டுக்குப் போனதும் சும்மா கிடப்பது பலருக்கும் நடப்பதுதான், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவி என்றார். பிறகு மனைவியிடம், பொத்தான் யார் போடுவது என்று விசாரித்தார்.

"நாந்தான். கம்பெனி வேனுக்கு நேரமாயிருது" என்றவளின் குரல் இறங்கிப்போனது.

பொத்தானையும் தம்ளரையும் இனி வலது கை தொடவேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்கலாம் என்று அனுப்பினார். அந்த மாதம் வீட்டில் காபி கொட்டாத நாளில்லை. தெருவில் வேன் ஹாரன் அடிக்க, நான் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டுவேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நிற்பாள்.

அடுத்த முறை வலது கைக்கோட்டில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. இடது கைக்கு ஈடில்லை. கட்டிங் மெஷினில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். என்னை மறுபடி அதில் விட அச்சக முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. காலண்டர் பிரிவில் இடம் கொடுத்தார். தாள்களை வலது கை அமுக்கிப் பிடிக்க, இடது கையால் பசை தடவினேன். முதல் நாள் சாயங்காலத்துக்குள் தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. மறுநாளும் போனேன்.