விடியுமுன் தொடங்கிய ஓட்டம்

அறுபதுகளின் நடுவில் செஞ்சி வட்டாரத்தில் மாரத்தான் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் நான். மற்றவன் பக்கத்து ஊரான வல்லத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த என் நண்பன். நிலமில்லாத கூலிக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவன். அவன் ஓடமாட்டான். நான் ஓடும்போது பக்கத்தில் சைக்கிள் மிதித்து வருவான், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவான்.

எங்கள் குடும்பம் தொண்டூர். நைனாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, செஞ்சி கடைவீதியில் மல்லாட்டை மண்டி இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் ஒரே பிள்ளை. காலையில் ஓட்டம், பிறகு மண்டி என்று நாட்கள் போயின. திண்டிவனம் சாலையில் மைல் கற்களை எண்ணி ஓடுவேன். மண்டிக்கு வரும் வண்டிக்காரர்கள், "உங்க புள்ளைய எந்த நாயி தொரத்துது?" என்று நைனாவைக் கேட்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

மாவட்டப் போட்டியில் நான் பத்து மைல் ஓடி முதலில் வந்தேன். அதைப் பார்க்க வந்திருந்த ஒரு ரயில்வே அதிகாரி என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். விளையாட்டுக்காரர்களுக்கென்று அவர்களிடம் சில வேலைகள் இருந்தன. அகில இந்திய அளவில் ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் வந்து சான்றிதழ் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். ஆனால் இருபத்தைந்து வயது முடிவதற்குள் வரவேண்டும். எனக்கு அப்போது இருபத்து நான்கு நடந்துகொண்டிருந்தது.

நைனா ஒரே ஒரு பயணத்துக்குத்தான் சம்மதித்தார். "ஒரு தடவ போ. ஜெயிச்சா உன் இஷ்டம். இல்லன்னா மண்டியில உக்காரு. அதுக்கப்புறம் ஓட்டம் கீட்டம்னு பேசக் கூடாது." நான் ஒப்புக்கொண்டேன். இன்னொரு வாக்கும் வாங்கினார். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. வெளியூர் போகிற பிள்ளை அதை விட்டுவிடுவான் என்று அவருக்குப் பயம். தொண்டூர்ப் பாறையில் முனிவர்கள் படுத்திருந்த கல் படுக்கைகளுக்கு முன் என்னை நிறுத்தி, சூரியனைக் கண்ணால் பார்க்காமல் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அது எனக்குக் கஷ்டமாகவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருந்து வந்தேன்.

ஆகவே, எந்த ஊர் ஓட்டத்துக்குப் போவது என்பதை என் கால்கள் தீர்மானிக்கவில்லை. சூரியன்தான் தீர்மானித்தது. படிப்பகத்தில் செய்தித்தாள்களைப் புரட்டியும், சங்கங்களுக்குக் கார்டு போட்டுக் கேட்டும் அந்த ஆண்டு நடக்கவிருந்த ஓட்டங்களைச் சேகரித்தேன். நண்பனும் நானும் மண்டியின் பின்கட்டில் சாக்குகள் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

சென்னையில் நடந்தது மாலை ஓட்டம். பாதி வழியில் பொழுது போய்விடும், அதன் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. அதைத் தள்ளினோம். பம்பாய் ஓட்டம் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வந்தது. அந்த மாதத்தில் நைனா என்னை அனுப்பமாட்டார். பெங்களூர்தான் எல்லா வகையிலும் பொருந்தியது. பக்கம், குளிர்ச்சி, செலவும் குறைவு. ஆனால் அங்கே காலை ஆறு மணிக்கே கிளம்பச் சொல்லியிருந்தார்கள்.

"வெறும் வயித்துல இருவத்தாறு மைலு ஓடுவியா? வழியிலயே உன்ன அள்ளிக்கினு வரணும்," என்றான் நண்பன்.

"அதான் வேணாங்கறேன்."

"அப்ப மிச்சம் இருக்கறது வடக்குதான்."

டெல்லிக்கு இந்தப் பக்கம் ஒரு நகரம். தை மாதத்தில் ஓட்டம். காலை ஏழரைக்குத் தொடக்கம். தையில் எங்கள் ஊரில் ஆறரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். உடனே சாப்பிட்டால் ஓடுவதற்கு முன் ஒரு மணி நேரம் இருக்கிறது. எனக்கு அது போதும். தங்குவதற்கு அந்த ஊரில் சமணர் தர்மசாலை இருப்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சமணரல்லாத நண்பனையும் உடன் வைத்துக்கொள்ள அங்கே ஆட்சேபம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி, இல்லையென்று பதில் வந்தபிறகே முடிவு செய்தேன்.

இதையெல்லாம் நைனாவிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் மாதிரிக்கு வந்த மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மாசம்னு சொன்ன?"

"தை."

"எத்தினி மணிக்குச் சாப்டுவ?"

"ஆறரைக்கு. ஏழரைக்குத்தான் ஓட்டம். பொழுது வந்துடும்ல."

பருப்பை வாயில் போட்டு மென்றார். "சரி, போ," என்றார்.

அன்று முதல் அதே முறையில் பழகினேன். பொழுது கிளம்பியதும் கேழ்வரகுக் கஞ்சி, இரண்டு மல்லாட்டை உருண்டை, ஒரு சொம்பு தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்து ஓட்டம். உடம்பு அந்தக் கணக்குக்கு நன்றாகப் பழகிவிட்டது. கார்த்திகையில் இருபத்தாறு மைலையும் ஓடி முடித்து வந்த அன்று, கூடவே சைக்கிள் மிதித்து வந்த நண்பன் சீட்டிலிருந்து இறங்கமுடியாமல் சாலையோரம் சாய்ந்துவிட்டான். "ஓடுன நீ நல்லாதான் இருக்குற. எனக்குத்தான் கட்டை வண்டி வேணும்," என்றான். முதல் பத்துக்குள் வந்துவிடுவேன் என்ற நம்பிக்கை எங்கள் இருவருக்கும் அன்றுதான் வந்தது.

ரயிலில் இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் காலை வண்டியில் நாங்கள் கண் விழித்தபோதே பொழுது நன்றாக ஏறியிருந்தது. மதியம் தர்மசாலையில் இறங்கினோம். மறுநாள் ஓட்டம். அன்று மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாய் கொப்பளித்துப் படுத்தேன்.

காலை ஆறரைக்குக் கஞ்சிச் சட்டியோடு முற்றத்துக்கு வந்தேன். வானம் கன்னங்கரேலென்று இருந்தது. மழை மேகம் என்று நினைத்தேன். வாசலில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்த காவல்காரரிடம் நண்பன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டுவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க இந்த மாசத்துல ஏழேகாலுக்கு மேலதான் பொழுது வருமாம். பனி இருந்தா ஒம்போது மணி வரைக்கும் கண்ணுக்கே தெரியாதாம்."

நான் கிழக்குப் பக்கம் பார்த்தபடி நின்றேன்.

"இன்னாபா பாக்குற? நம்ம ஊர்ல இந்நேரம் சூரியன் செஞ்சிக் கோட்டை மேல ஏறியிருக்கும். அந்தக் கணக்குல சாப்டு."

"கண்ணால பாத்துட்டுன்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட? பாறைகிட்ட. பாறை இங்க வந்து பாக்கப் போவுதா?"

"சொன்னது நான்."

"அப்ப தண்ணியாவது குடி. ஒரு வா தண்ணி."

சட்டியை அவனிடமே கொடுத்தேன். அவனும் குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான்.

ஏழரைக்கு ஓட்டம் தொடங்கியபோது வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. பனி சுவர்போல நின்றது. முன்னால் ஓடுகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் பத்து மைல் வரை நான் நன்றாகத்தான் ஓடினேன். எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இருந்தேன் என்று வாடகை சைக்கிளில் வந்த நண்பன் கத்திச் சொன்னான். வழியில் மேசை போட்டுத் தண்ணீரும் சர்க்கரை நீரும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையையும் தாண்டும்போது வானத்தைப் பார்த்தேன். பதினைந்தாம் மைலுக்கு மேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொடை இரண்டும் மரத்துப்போயின. என்னை ஆட்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

பதினெட்டாம் மைலுக்கு அருகில் பனிக்குள்ளே வெள்ளித் தட்டுப்போல ஒன்று தெரிந்தது. அதுதான் சூரியன். அடுத்த மேசையில் நின்று குவளை குவளையாகக் குடித்தேன். நண்பன் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். கால் மைல்கூடப் போயிருக்கமாட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்து, குடித்த அவ்வளவையும் வாந்தியெடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. என் ஓட்டம் அங்கே முடிந்தது.

பெங்களூரிலும் வெறும் வயிற்றோடுதான் ஓடியிருப்பேன். ஆனால் அங்கே வெறும் வயிறு என்று முன்பே தெரிந்திருக்கும். ஆறு மாதம் வெறும் வயிற்றிலேயே ஓடிப் பழகியிருப்பேன். திரும்பும் ரயிலில் இரண்டு நாளும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செஞ்சி பேருந்து நிலையத்தில் நைனாவே வந்து நின்றார். நண்பன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். கோபத்தோடுதான் சொன்னான். நைனா என் தோளைத் தட்டினார். அவர் என்னைத் தொட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த வாரம் கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். உயிர் போகிற தாகத்திலும் விரதம் கெடாத பிள்ளை என்று பேசினார்கள். தொண்டூரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த பெண்கள் தங்கள் குழந்தைகளை எனக்கு நமஸ்காரம் பண்ணச் சொன்னார்கள். எந்த ஊரில் ஓடினேன், எத்தனை மைல் ஓடினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டம் என்பது என் பக்தியைக் காட்டுவதற்கு அமைந்த ஓர் இடம், அவ்வளவுதான் அவர்களுக்கு.

அன்று பந்தியில் என் பக்கத்தில் எண்ணெய்த் தரகர் ஒருவர் உட்கார்ந்தார். நைனாவோடு வியாபாரத்துக்காகக் கல்கத்தா வரை போய் வந்தவர். வாய் கொஞ்சம் அதிகம்.

"நீ உங்க நைனாவ மிஞ்சிட்டப்பா," என்றார். "அவரு கெட்டிக்காரரு. நாங்க ரெண்டு பேரும் மார்கழி மாசம் கல்கத்தா போனமா, அங்க அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிக்கிச்சி. கடையில எல்லாம் லைட்டு போட்டுட்டான். நான் போச்சுடா, இன்னிக்கிப் பட்டினின்னு உக்காந்துட்டேன். உங்க நைனா அசரலியே. எலயப் போடுன்னாரு. இன்னாங்க, பொழுது போயிடுச்சேன்னேன். நம்ம ஊர்ல இன்னும் வெயிலு கோட்டை மேல கெடக்குது, சாப்டுய்யான்னாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிர்வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நைனா பந்தியின் கோடியில் நின்று பாயசம் பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். வடக்கே வாக்கைக் காப்பாற்றியதற்காக நான் அதுவரை வருத்தப்படவே இல்லை. அந்த நிமிஷத்தில்தான் முதல்முறையாக வருத்தப்பட்டேன். அதைவிடவும் ஒன்று உறைத்தது. ஊருக்கு ஊர் பொழுது மாறும் என்பது எனக்குத் தெரியாது, நண்பனுக்கும் தோன்றவில்லை. செஞ்சிக்கு வெளியே நான் பார்த்தது திண்டிவனமும் கடலூரும் சென்னையும்தான். நைனாவுக்குத் தெரியும்.

மறுநாள் மண்டியில் ஆட்கள் வருவதற்கு முன் கேட்டேன்.

"நைனா, கல்கத்தாவுல பொழுது சீக்கிரம் போயிடுமா?"

"போவும்."

"அப்ப வடக்க லேட்டா வரும்னு உங்களுக்குத் தெரியும்."

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "நீ கணக்குப் போட்டுச் சொன்ன. சரியான்னு என்னக் கேக்கலியே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஒரே புள்ள நீ. ரயில் வேலைக்கிப் போனவன் எவன் திரும்பி வந்தான்? கோரக்பூரு கீரக்பூருன்னு எங்கியாவது போட்டுடுவான். இந்த மண்டிய யாரு பாப்பா?" கொஞ்சம் பொறுத்து, "நா உன்னத் தடுக்கலியே. நீதான் குடிக்கல," என்றார்.

வெளியே வண்டி வந்து நின்றது. மூட்டை இறக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். அதைப் பற்றி நாங்கள் மறுபடியும் பேசியதில்லை. அவர் கண் மூடும்வரை ஒரே கூரையின் கீழ், ஒரே தராசின் இரு பக்கமும் உட்கார்ந்து, விலையும் ஈரப்பதமும் மட்டுமே பேசினோம்.

வயது தாண்டியது. அதிகாரியைப் போய்ப் பார்க்கவில்லை, பார்த்து என்ன சொல்வது? நண்பன் ஒருமுறை அடுத்த ஆண்டு பெங்களூருக்குப் போகலாம் என்று ஆரம்பித்தான். சொன்ன சொல் சொன்னதுதான் என்றேன். "உனக்கு வாயே சத்ரு," என்று எழுந்து போனான். பிறகு அவன் மேற்படிப்புப் படித்து, வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். திண்டிவனம் சாலையில் இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன்.

இன்றும் நான் இரவில் உண்பதில்லை. கல்யாண வீடுகளில் எனக்கென்று மாலை நாலரைக்கே இலை போடுகிறார்கள். என் மனைவிகூட அது என் பக்தி என்றுதான் நம்புகிறாள். கோயிலுக்கு நான் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதை அவள் அதோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஒருநாள் இருட்டியபின் நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அந்தப் பனியில் மேசை மேசையாகத் தண்ணீரைத் தாண்டி ஓடியது எதற்காக என்று என்னை நானே கேட்கவேண்டி வரும். ஆகவே பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.