லொரெட்டாவின் துப்பாக்கியில் எங்கள் சாமான்கள்

பெயிண்ட் டப்பாவை இடது கையில் பிடித்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் லொரெட்டா ஹுடாக். உள்ளே உருளும் குண்டின் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை தட்டுக்குப் பெயிண்ட் வரும் என்று சொல்லிவிடுவார். பிறகு ஐந்து இரும்புத் தட்டுகளுக்கும் வரிசையாக வெள்ளை அடித்துக்கொண்டே போகிறார். முன்னால் சுட்டவரின் ஈயக் கறை மறைந்ததும் ஒவ்வொரு தட்டின் தலையிலும் விரல் முட்டியால் செல்லமாக ஒரு குட்டு வைத்து, "நன்றிடா கண்ணு" என்கிறார். இரும்புக்கு நன்றி சொல்கிற இன்னொருவரை நான் இந்தப் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் பார்த்ததில்லை.

வயது அறுபத்து மூன்று. இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். அவருக்கு எல்லோரும் கண்ணுதான்: நான், தபால்காரர், அவரைவிட நான்கு வயது மூத்த மெர்ல், சமயத்தில் என் நாய். ஒவ்வொருவர் சுடுவதற்கு முன்பும் திரும்பி நின்று, எங்கள் காதுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காதுமூடி இல்லாத காது ஒன்று இருந்தாலும் ஆட்டம் தொடங்காது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தலையசைப்பார். டைமர் என் கழுத்தில் தொங்குகிறது என்பது பெயருக்குத்தான். வண்டி கிளம்புவது அவர் தலையசைப்பில்.

ஒன்றுவிட்ட ஞாயிறுகளில், எங்கள் துப்பாக்கி கிளப்புக்குச் சொந்தமான சரளைக்கல் பள்ளத்தில் கூடுகிறோம். டைமர் பீப் என்றதும் ஐந்து தட்டுகளையும் சுட வேண்டும்; கடைசித் தட்டு மணியடித்ததும் நேரம் நிற்கும். குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயித்தவர். ஐந்தில் நான்கு தட்டுகள் தூரத்தில் இருக்கும், சாப்பாட்டுத் தட்டு அளவில். ஒன்று மட்டும் ஏழே எட்டு நடக்கிற தூரத்தில், காபி சாஸர் அளவில். கிட்டத்தில் இருப்பதை யாரும் மதிப்பதில்லை என்பதால் எங்கள் கிளப் வேண்டுமென்றே செய்துவைத்த குறும்பு அது.

இந்தப் பள்ளத்தில் பதினொரு வருடமாக லொரெட்டாவும் மெர்ல் ஸ்டாஃபரும் ஆறாவது இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். மெர்ல் வீடுகளுக்குத் தரைவிரிப்புப் போடுகிறவர். இரண்டு முட்டியும் போனவர். இடுப்பில் எப்போதும் அளவு நாடா இருக்கும். இருவரில் ஒருவரும் ஐந்தாவது இடத்தை எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் ஆறாவது இடத்தைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால் உலகக் கோப்பை என்றுதான் தோன்றும்.

சென்ற குளிர்காலத்தில் லொரெட்டாவின் வலது கட்டைவிரல் மூட்டை மருத்துவர் திறந்து, தேய்ந்த எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒட்டிவிட்டார். இருபத்தேழு வருட ஸ்டியரிங் செய்த வேலை. பேருந்து ஓட்டுகிற வேலை முதலில் போனது. இப்போது டிப்போவில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, மற்ற ஓட்டுநர்களுக்கு எந்தச் சாலையில் பனி என்று சொல்கிறார். மார்ச் மாதம் தன் கைத்துப்பாக்கியோடு பள்ளத்துக்கு வந்தார். இரண்டு தோட்டாதான் சுட்டார். மூன்றாவதற்குக் கை மூடவில்லை. துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டு, அன்று முழுக்க எங்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். இடுப்பில் காலித் தோலுறை மட்டும் அப்படியே இருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் காலியாகவே அதைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒருமுறை விளையாட்டாக என் பேனாவை அதில் செருகப் போனேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து விலக்கிவிட்டார். சிரித்தாரே தவிர, விளையாட்டு இல்லை அது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு கார்பைன். தோளில் முட்டுக் கொடுத்துச் சுடுகிற நீளத் துப்பாக்கிதான். ஆனால் தின்பது கைத்துப்பாக்கியின் தோட்டாவை. "என் பழைய தோட்டா மேகசினே இதுக்குள்ள போகுது கண்ணு. வீட்டுக் கீழ்த்தளத்துல டப்பா டப்பாவா குண்டு கிடக்கு, அத்தனையும் வீணாப் போகாது" என்று, ஏதோ பழைய டிரைவர் வேலையே திரும்பக் கிடைத்த மாதிரி சொன்னார்.

அந்த முதல் தோட்டாவை நான் மறக்கமாட்டேன். மான் வேட்டைத் துப்பாக்கியின் உதையை எதிர்பார்த்து, பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். கண் மூடிச் சுடக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். சத்தம் ஓய்ந்ததும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்றேன். "தையல் மெஷின்ல ஒரு தையல் விட்ட மாதிரி இருக்கு" என்றார். பாரத்தைத் தோள் வாங்கிக்கொண்டது, கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மேகசின் முழுவதையும் ஒரே மூச்சில் காலி செய்தார். சுடச்சுடத் தெறித்த காலித் தோட்டா ஒன்று என் சட்டைக் காலருக்குள் விழுந்து, நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து லொரெட்டா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நீரில் பாதி சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். குறைகளும் சொன்னார்: உள்ளே இரும்பு முன்னும் பின்னும் ஓடுகிற சத்தம் கன்னத்தில் கேட்கிறதாம், கன்னம் பதிக்கிற கட்டை சில்லென்று இருக்கிறதாம். சொல்லிவிட்டு அதற்கும் நன்றி சொன்னார்.

துப்பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு டப்பா இருக்கும். ஆசைப்பட்டு வாங்கி, மாட்டிப் பார்த்து, நொந்துபோய்க் கழற்றிய சாமான்களின் டப்பா. புதுத் துப்பாக்கி ஒன்று வந்துவிட்டால் அத்தனை டப்பாவும் திறந்துகொள்ளும். கல்யாண வீட்டுக்கு எவர்சில்வர் பாத்திரம் வந்து குவிகிற மாதிரி லொரெட்டாவின் மேல் சாமான்கள் வந்து குவிந்தன. மருந்துக்கடை கேரி பாவ்லிக், குறிபார்க்கிற சிவப்புப் புள்ளிக் கண்ணாடிக்கு அடியில் வைக்க ஒரு மணைக்கட்டை கொடுத்தார், கழுத்து குனியாமல் பார்க்கலாம் என்று. அது போதாது என்று தபால்காரர் அதன்மேல் வைக்க இன்னொன்று கொடுத்தார். முன்னால் பிடிக்க ஒரு கைப்பிடி, தோளில் மாட்ட ஒரு வார், காலித் தோட்டா பிடிக்க ஒரு வலைப்பை. நான் கொடுத்தது டார்ச். காலை பதினோரு மணி வெயிலில் வெள்ளைத் தட்டைச் சுடுகிறவருக்கு டார்ச். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒவ்வொன்றுக்கும் லொரெட்டா, "எனக்கா? நன்றி கண்ணு, நன்றி" என்று இரண்டு கையாலும் வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. மெர்ல் ஒருவர்தான் எதுவும் தரவில்லை. நீளத் துப்பாக்கிக்காரர்களுக்குப் போட்டி தனிப் பிரிவு; பதினொரு வருட எதிராளி தன்னை அம்போவென்று விட்டுவிட்டு வேறு வகுப்புக்குப் போய்விட்டார் என்ற கடுப்பில் இருந்தார். "காபி மெஷின் ஒண்ணுதான் பாக்கி, அதையும் மாட்டிடுங்க" என்றதோடு சரி.

மே மாதப் போட்டிக்கு அந்தக் கார்பைன் கைக்குழந்தைக் கனம் ஆகியிருந்தது. லொரெட்டா கோட்டில் நின்றார். துப்பாக்கி காலி என்று எல்லோருக்கும் தெரிவதற்காக அதன் தோட்டா அறையில் செருகியிருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கொடியை உருவி, தையல்காரர் குண்டூசியைக் கவ்வுவது போலப் பல்லில் கவ்விக்கொண்டார். பீப். தூரத்துத் தட்டு நான்கும் டங் டங்கென்று மணியடித்தன. சாஸர் அடிக்கவில்லை. மறுபடி சுட்டார், அடிக்கவில்லை. நான்காவது தோட்டாவுக்கும் இல்லை. ஐந்து சுற்று, ஐந்திலும் இதே கதை.

கொடியைத் திரும்பச் செருகிவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்தார். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"தூரத்துல இருக்கறது தானா பட்டிருக்கு. மூக்குக்குக் கீழ இருக்கறதை அடிக்கத்தான் கை வேணும். அது போயிடுச்சு கண்ணு."

பெயிண்ட் டப்பாவை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. அடுத்த தடவை பெயிண்டுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார். பேருந்து போனபோது சிரித்துக்கொண்டு வந்தவர், இனி இந்தப் பள்ளத்துக்கு வரவே கூடாது என்று அன்று முடிவு செய்துவிட்டார். எங்கள் காதை இனி யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மெர்ல் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் முட்டிக்கு அது லேசான காரியம் இல்லை. நொண்டிக்கொண்டே சாஸர் தட்டு வரை போய், அதற்கு நேர் கீழே மண்ணில் இருந்த குழியைப் பார்த்தார். இருபது தோட்டாவும் ஒரே குழியில். திரும்பி வந்து, இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி, குழலின் நடுவிலிருந்து மேலே சிவப்புப் புள்ளி வரை பிடித்தார். நாலு அங்குலம்.

"நீ பாக்கறது மேல் மாடியிலேருந்து. குண்டு கிளம்பறது கீழ் வீட்டுலேருந்து. தூரத்துல ரெண்டும் சந்திச்சுக்கும். கிட்டத்துல எப்படிம்மா சந்திக்கும்? குழியப் பாரு, கை நடுங்கறவ சுட்ட குழியா அது?"

கேரி வானத்தைப் பார்த்தார். தபால்காரர் தன் ஷூவைப் பார்த்தார். இது எங்களில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. கண்ணாடி உயர உயரக் கிட்டத்தில் குண்டு தாழ்ந்து போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுப்போம். ஆனால் அன்று ஆளுக்கு ஆள் தான் கொடுத்த சாமான் அதில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லொரெட்டா முகம் தெளியவில்லை. கழற்றினால் கொடுத்தவர்கள் மனசு கஷ்டப்படாதா என்று மெதுவாகக் கேட்டார். வேலையே போனாலும் அவருக்கு இந்தக் கவலை போகாது.

"அவங்க மனசு அவங்க டப்பாவுல பத்திரமா இருக்கும்" என்றார் மெர்ல். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நீ வரலைன்னா நான் யார்கிட்டம்மா தோக்கறது?" என்றார்.

மெர்ல் சாவிக்கொத்தில் இருந்த குட்டித் திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். முதல் மணை, இரண்டாவது மணை, கைப்பிடி, வார், வலைப்பை. என் டார்ச்சைக் கழற்றும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைக் குழலோடு ஒட்டினாற்போல் உட்காரவைத்து, லொரெட்டா அரைமணி நேரம் மேசையில் ஊன்றிக் குறியைச் சரிசெய்தார். பிறகு கோட்டில் நின்று சாஸரைச் சுட்டார். டங். மறுபடி சுட்டார். டங். டைமரைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த மெர்லுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவன். அதை அவரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

ஜூன் மாதம் முதல் ஆளாக வந்து காத்திருந்தார் லொரெட்டா. அவருடைய ஸ்லோவாக்கிய அம்மா வீட்டில், வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் கிடையாது. வால்நட் அரைத்து வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் துண்டு போட்டு, காலி வெண்ணெய் டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொரு டப்பாவின் மேலும் அவரவர் சாமானை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மூடியில் பெயர், பேருந்து இருக்கைக்கு ஒட்டுகிற மாதிரி கொட்டை எழுத்தில். "பனிப்புயல்ல கரண்ட் போனா உதவும், நல்ல டார்ச் கண்ணு" என்று என்னைத் தேற்றினார். கேரி அங்கேயே நின்று மூன்று துண்டு தின்றார்.

கடைசி டப்பாவின் மேல் எதுவும் கட்டியிருக்கவில்லை. அதை மெர்லிடம் நீட்டினார்.

"நான்தான் ஒண்ணும் தரலையே."

"அதுக்குத்தான்" என்றார் லொரெட்டா.

மெர்ல் டப்பாவை வாங்கி, வெயில் படாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார். பிரிவு வேறு, இருவரையும் ஒப்பிட முடியாது என்று இப்போதும் சாதிக்கிறார். ஆனால் தன் உள்ளங்கையில் தன் நேரத்தைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் லொரெட்டாவின் நேரத்துக்கு இடம் விட்டிருந்ததை நான் பார்த்தேன்.

லொரெட்டாவின் முறை வந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஒல்லியாக இருந்த கார்பைனோடு கோட்டில் நின்றார். திரும்பி எங்கள் காதுகளை எண்ணினார். எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டார்; ஏறியாச்சு என்றோம். மஞ்சள் கொடியை உருவினார். கை பழக்கத்தில் வாய் வரை போய் நின்றது. பிறகு கீழே இறங்கி, மார்ச் மாதத்திலிருந்து காலியாக இருந்த தோலுறைக்குள் அந்தக் கொடியைச் செருகி, விழாமல் இருக்கிறதா என்று அந்த மடங்காத கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டது.