வழியை மறித்து நின்ற கன்வென்ஷன்

என் கணவர் விழுந்த அந்தச் சாயங்காலம் எங்கள் சபை, இயேசு சொன்ன அந்தக் காணாமற்போன ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தது. மைக் வைத்துத்தான். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். சாட்சியைத் தேன் தடவித்தான் சொல்ல வேண்டும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

குன்னத்துகால் பக்கத்தில், சர்ச் மதிலை ஒட்டிப் போகும் குறுகிய பாதையில் கடைசி வீடு எங்களுடையது. நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். வருஷந்தோறும் ஈஸ்டர் கழிந்ததும் சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் சுவிசேஷ கன்வென்ஷன் நடத்துவார்கள். தென்னை மரங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, அவற்றின் வாயை வெளியே திருப்பி வைப்பார்கள். புறத்தாருக்குக் கேட்க வேண்டுமாம். கேட்டது உண்மைதான், கேட்காமல் இருக்க அவர்களுக்கு வழியில்லையே. ஆனால் ஒருவர்கூட உள்ளே வந்து நான் கண்டதில்லை. வருவது நாங்கள்தான். சென்ற வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, சென்ற வருஷம் சொன்ன அதே ஆமென்னைச் சொல்லுவோம். நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களும் காரில்தான் வருவார்கள். அந்தக் கார்கள் முழுவதும் எங்கள் பாதையில்தான் கிடக்கும்.

அன்று இரண்டாம் நாள். என் கணவர் தேவதாஸ் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து தம்ளர் விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொல் வரவில்லை. அப்படியே தரையில் சரிந்தார். முக்கில் நிற்கும் ஆட்டோக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"சேச்சி, வண்டி உள்ள கேறாது. வழி முழுக்கக் காராக்கும்" என்றார்.

பந்தலுக்கு ஓடினேன். முன்வரிசையில் சபைச் செயலாளர் ஞானசிகாமணி, சட்டையில் பட்டுப்பூ குத்தி, கண்மூடி அமர்ந்திருந்தார். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அண்ணா, அவருக்கு ஸ்ட்ரோக்கு போல உண்டு. காரை எடுக்கச் சொல்லி மைக்குல ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் மக்கா. தேவசெய்தி இப்பம் முடிஞ்சிரும். இடையில பேசினா ஆவி தடைபடும்."

மேடையில் பிரசங்கியார், ஒரே ஒரு ஆத்துமாவுக்காக ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பந்தலே அதிர ஆமென் சொன்னார்கள். ஒருவரும் ஓடவில்லை. நான் அழுது கூப்பிட்டது ஒலிபெருக்கிச் சத்தத்தில் அடுத்த வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரு சகோதரி மட்டும் என் கையைப் பிடித்து, "ஜெபிக்கிறோம்" என்றாள், உட்கார்ந்தபடியே.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் தரையில் விழுந்தேன். மனம் அப்படிக் கசந்திருந்தது. "அப்பா, இவங்க வேண்டாம். வேற யாரையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். என் ஆயுசில் நான் செய்த மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

கொல்லைப்புறத்தில் வேலி முறியும் சத்தம் கேட்டது. பின்வீட்டுச் சுகுமாரன், அவரும் ஆட்டோ ஓட்டுகிறவர்தான், வெட்டுகத்தியால் தன் வேலியைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மரச்சீனி விளையின், அதாவது மரவள்ளித் தோட்டத்தின், மறுபக்கம் வேறொரு ரோடு உண்டு. அந்த மைக் சத்தத்திலும் என் அழுகையைக் கேட்டு அவர் மனைவி பிந்துதான் அவரை விரட்டியிருக்கிறாள். இன்னும் கிழங்கு பிடிக்காத மரச்சீனியின் மேலேயே தன் ஆட்டோவை ஏற்றி எங்கள் அடுக்களை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"ஐயோ, உங்க விளை..." என்றேன்.

"அது கிடக்கட்டு சேச்சி. நீங்க தலையப் பிடிங்க."

காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னபோது அந்த வராந்தாவிலேயே முழங்காலில் நின்றேன். பிந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"சேச்சி ஒண்ணும் நினைக்கப்படாது. வருஷா வருஷம் வாங்க வாங்கண்ணு மைக்குல விளிக்காவளே, அது ஆரையாக்கும்? நீங்க ஒருத்தரைத் தவிர அங்கேருந்து ஒரு மனுஷனும் எங்க முற்றத்துல கால் வச்சதில்ல."

தலையைக் குனிந்துகொண்டேன்.

கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். கன்வென்ஷன் ஜெபத்தால் தேவதாஸ் பிழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். எவ்வளவு தைரியம் பாருங்கள். நான் எழுந்து சொன்னேன். "கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் உங்கள் வழியாக அவரால் வர முடியவில்லை. வழி நிறைய உங்கள் கார்கள். அதனால் மரச்சீனி விளை வழியாக வந்தார்." ஆமென் சொல்ல ஓர் ஆள் இல்லை.

போதகர் மட்டும் அன்று வீட்டுக்கு வந்து வெட்டிக் கிடந்த வேலியைப் போய்ப் பார்த்தார். அடுத்த கமிட்டியில் ஒரே பிடியாக நின்றார். இனிமேல் பந்தல் கிடையாது. அந்த மூன்று சாயங்காலமும் மதிலுக்கு வெளியே இருக்கிற வீடுகளுக்குப் போக வேண்டும். பேர் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காமல் பிரசங்கம் செய்யக் கூடாது.

"நோட்டீஸும் இல்ல, மைக்கும் இல்ல. பின்ன அங்க போயி என்னத்தச் செய்யியது?" என்றார் செயலாளர். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, பாவம், அவருக்கு உண்மையாகவே தெரியாது.

நான்தான் அவரைப் பிந்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவ்வளவு பெரிய பேச்சாளர் முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். பிந்து நாற்காலி போட்டுக் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தாள். பாதி குடித்த பிறகு, "உனக்க பேரென்ன மக்கா?" என்றார். அவள் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாரே, எனக்க அக்காளுக்கு நாளைக்கு ஆப்பரேஷனாக்கும். ஒண்ணு பிரார்த்திப்பியளா?"

அவர் ஜெபித்தார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல். முடிக்கும்போது கண் துடைத்தார். அந்த மனுஷனை முதன்முதலாக எனக்குப் பிடித்தது.

இன்று எங்கள் சபையார் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறார்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறார்கள். சபைக்குப் புதிதாக யார் வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நாங்கள்தான் இப்போது வந்திருக்கிறோம். உங்கள் சபைக்கும் இதைக் கர்த்தரிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். அவர் யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள். எனக்குத் தந்தார். வாய் கோணிப் பேச்சற்றுக் கிடந்த என் கணவர் இன்று காலை, சாயாவில் சீனி போதாது என்று என்னைத் திட்டினார். ஒரு சொல்லும் குழறவில்லை.